மக்ரித்தின் குழாயும் கோசுத்தின் நாற்காலியும்

பெல்ஜிய ஓவியர் ரெனே மக்ரித் 1929-இல் ஒரு புகைக்குழாயை வரைந்து, கீழே ‘இது குழாய் அல்ல’ என்று பிரெஞ்சில் எழுதினார். முதலில் சிரிப்பு வரும். சரி, அதில் புகையிலை அடைக்க முடியுமா? முடியாது. விஷயம் அவ்வளவுதான்.

அமெரிக்கரான ஜோசப் கோசுத் 1965-இல் ஒரு மர நாற்காலி, அதன் அதே அளவுப் புகைப்படம், ‘நாற்காலி’க்கு அகராதி தரும் விளக்கம் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். எங்கே காட்சிக்கு வைத்தாலும், அந்த இடத்திலேயே நாற்காலியைப் புதிதாகப் படமெடுக்க வேண்டும். நாற்காலி மாறலாம், படமும் மாறலாம், படைப்பு அதேதான். அப்படியென்றால் நாம் அறிந்தது எந்த நாற்காலியை?

பார்க்க அழகு மக்ரித்துதான். ஆனால் என்னை அதிக நேரம் குடைவது கோசுத். அருங்காட்சியகத்தில் அந்த நிஜ நாற்காலியிலும் உட்கார விடமாட்டார்களே!