டெல்லிக் காற்றில் சிபேப் மெஷின்: எதைக் கழுவுவது, எதை மாற்றுவது

சிபேப், அதாவது தூங்கும்போது மாஸ்க் வழியாக அழுத்தமான காற்றை அனுப்பி மூச்சுவழி அடைபடாமல் பார்த்துக்கொள்ளும் கருவி, வாங்கும்போது எல்லாரும் மெஷினைப் பற்றித்தான் பேசுவார்கள். எந்தக் கம்பெனி, அழுத்தத்தைத் தானே மாற்றிக்கொள்ளும் ஆட்டோவா, சத்தம் வருமா என்று. ஆனால் அதற்கப்புறம் வருஷக்கணக்கில் நாம் மல்லுக்கட்டப் போவது மாஸ்க், டியூப், ஃபில்டர், காற்றுக்கு ஈரம் சேர்க்கும் தண்ணீர்த் தொட்டி இந்த நான்கோடுதான். தூக்கத்தில் மூச்சு அடைபட்டு நின்று நின்று வரும் தொல்லைக்காக மயூர் விஹாரில் இருந்துகொண்டு பல வருஷமாக இதைப் பயன்படுத்துகிறேன். நான் உறுதியாகச் சொல்வது ஒன்றுதான்: எதை எப்போது மாற்றுவது என்பதைக் காலண்டரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அந்தச் சாமானைக் கையில் எடுத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

இணையத்தில் தேடினால் ஓர் அட்டவணை கிடைக்கும். மூக்கு மாஸ்க்கின் குஷன் (முகத்தில் படியும் சிலிகான் பகுதி) மாதம் இரண்டு, டியூப் 3 மாதத்துக்கு ஒன்று, தலைப் பட்டையும் தொட்டியும் 6 மாதத்துக்கு ஒன்று என்று போட்டிருக்கும். அது பெரும்பாலும் அமெரிக்காவில் மெடிகேர் என்ற அரசுக் காப்பீடு எத்தனை தடவைக்குப் பணம் கொடுக்கும் என்ற கணக்கு. சாமான் அதற்குள் கெட்டுவிடும் என்று அர்த்தமில்லை. இங்கே நாம் கைக்காசு போட்டு வாங்குகிறோம், அதனால் அந்தக் கணக்கை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை.

ஃபில்டர் மட்டும் விதிவிலக்கு, இதில் கம்பெனிக் கையேடு சொல்வதை விடச் சீக்கிரமே மாற்ற வேண்டியிருக்கும். ரெஸ்மெட் கம்பெனியின் ஏர்சென்ஸ் 10 மெஷின் கையேட்டில் குறைந்தது 6 மாதத்துக்கு ஒரு தடவை, அடைப்போ ஓட்டையோ தெரிந்தால் அதற்கு முன்பே மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். டெல்லியில் தீபாவளியை ஒட்டி, பஞ்சாப் ஹரியானா வயல்களில் வைக்கோல் எரிகிற புகையும் சேர்ந்து, காற்றுத் தரக் குறியீடு 400ஐத் தாண்டி நிற்கும் நாட்களில் வெள்ளை ஃபில்டர் இரண்டே வாரத்தில் சாம்பல் நிறமாகி, அப்புறம் கறுத்தே போய்விடும். நவம்பர் முதல் ஜனவரி வரை நான் மாதத்துக்கு இரண்டு போடுகிறேன், மழைக்காலத்தில் ஒன்றே இரண்டு மாதம் தாங்குகிறது. இந்த மெஷின் படுக்கை அறைக் காற்றைத்தான் இழுத்து அழுத்தம் கூட்டி மூக்குக்குள் அனுப்புகிறது, வேறெங்கிருந்தும் காற்று வருவதில்லை. அதனால் ஃபில்டர் பக்கத்தில் கொசுவர்த்தி, ஊதுபத்தி எதுவும் வேண்டாம், தரையிலும் வைக்க வேண்டாம், திரைச்சீலை இழுபடும் இடத்திலும் வேண்டாம். சாதாரண ஃபில்டர் தூசியைத்தான் பிடிக்கும், நுண்ணிய புகையை முழுதாகப் பிடிக்காது. இன்னும் நெருக்கமான இழை கொண்ட, ஒவ்வாமைக்காரர்களுக்கான ஃபில்டர் தனியாக விற்கிறார்கள், குளிர்காலத்துக்கு நான் அதைத்தான் வாங்குகிறேன். ஒருதடவை மட்டும் பயன்படுத்தும் ஃபில்டரைக் கழுவிப் போடாதீர்கள், இழை விட்டுப்போகும். பிலிப்ஸ் ட்ரீம்ஸ்டேஷன் மெஷினில் கழுவக்கூடிய அடர்நீல ஃபில்டர் ஒன்று உண்டு, அதை மட்டும் தண்ணீரில் அலசலாம், ஆனால் நன்றாகக் காய்ந்த பிறகே திரும்பப் போட வேண்டும்.

அடுத்தது மாஸ்க். குஷனைத் தினமும் காலையில் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டு குழந்தை ஷாம்பு விட்டுக் கழுவினால் போதும். டெட்டால், ஸ்பிரிட், பிளீச் எதுவும் கிட்டே வரக்கூடாது, சிலிகான் பாழாகும், அந்த வாசனையையும் இரவு முழுக்க நாம்தான் இழுக்க வேண்டும். கழுவியதைப் பால்கனி வெயிலில் காயப்போடாமல் நிழலில் துண்டின் மேல் வையுங்கள். ஆனால் மாஸ்க்கைக் கழுவுவதைவிட, படுக்கும் முன் முகத்தைக் கழுவுவதுதான் முக்கியம் என்பேன். டெல்லிக் குளிரில் தோல் வெடிக்கிறது என்று இரவில் கிரீம் பூசிக்கொண்டால் குஷன் வழுக்கிக்கொண்டே இருக்கும், எண்ணெய்ப் பசை சிலிகானையும் கெடுக்கும். கிரீமைச் சாயங்காலமே பூசிவிட்டு, படுக்கும்போது மூக்கைச் சுற்றி மட்டும் சோப்புப் போட்டுத் துடைத்துவிட்டால் தீர்ந்தது. தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைக்கும் நம் வீடுகளில் பட்டையும் எண்ணெய் குடித்துத் தொய்ந்துபோகும், அதனால் வாரம் ஒருமுறை அதையும் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழியாமல் காயப்போடுங்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். காற்று ஒழுகினால் எல்லாரும் பட்டையைத்தான் இறுக்குவார்கள். மூக்குத் தண்டில் சிவந்த தடம் விழும், ஒழுகல் மட்டும் நிற்காது. பெரும்பாலும் குஷன் தளர்ந்து மங்கலாகி உறுதி விட்டுப்போயிருக்கும். மெஷினிலோ செயலியிலோ காட்டும் லீக் அளவைப் பாருங்கள், நன்றாகக் கழுவிய பிறகும் அது சில வாரமாக ஏறிக்கொண்டே போனால் குஷனை மாற்றிவிடுங்கள். செலவு செய்ய வேண்டிய இடம் இதுதான். பட்டையும் பிளாஸ்டிக் சட்டமும் இன்னும் பல மாதம் ஓடும்.

டியூபுக்கு வாரம் ஒரு கழுவல் போதும், கொடியில் இரு முனையும் தொங்கும்படி போட்டால் காய்ந்துவிடும். ஜனவரியில் வேறு பிரச்சினை. ஹீட்டர் இல்லாத அறையில் மெஷினிலிருந்து கிளம்பும் ஈரமான சூடான காற்று டியூபின் குளிர்ந்த சுவரில் பட்டுத் தண்ணீராக மாறி, களகளவென்று சத்தம் போட்டு, கடைசியில் மூக்கிலேயே சொட்டும். மெஷினைத் தலைமட்டத்துக்குக் கீழே வையுங்கள், டியூபுக்குத் துணி உறை போடுங்கள், ஈரப்பத அளவை ஒரு படி குறையுங்கள். அப்படியும் நிற்கவில்லையென்றால் சூடாகும் டியூப் வாங்கிவிடுவது நல்லது, உங்கள் மாடலுக்கு அது பொருந்துமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் பக்கத்து பிளாக் மாமி ஒருவர், "நான் நன்னா காய்ச்சி ஆறவெச்சுதாம்மா ஊத்தறேன், அப்படியும் வெள்ளையாப் படியறதே" என்று கேட்டார். காய்ச்சினால் கிருமி சாகும், உப்பு போகாது, தண்ணீர் ஆவியாகி உப்பு இன்னும் செறிவாகும். ஆர்ஓ தண்ணீரிலும் கொஞ்சம் உப்பு மிச்சமிருக்கும், அதனால் டிஸ்டில்டு தண்ணீர்தான் சரி. எதை ஊற்றினாலும் காலையில் மிச்சத்தைக் கொட்டித் துடைத்துக் காயவிடுங்கள், பழைய தண்ணீருக்கு மேல் புதுசு ஊற்றுவது வேண்டாம். வெள்ளைப் படிவு இருந்தால் ஒரு பங்கு வினிகருக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து ஊறவைத்து அலசுங்கள். தொட்டியில் கீறல் விழுந்தாலோ வழுவழுப்பு போகாவிட்டாலோ மாற்றத்தான் வேண்டும்.

ஓசோன் பெட்டிகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஆன்லைனில் நிறைய விற்கிறார்கள். ஓசோனோ புற ஊதா ஒளியோ கொண்டு சிபேப் சாமான்களைச் சுத்தம் செய்யும் கருவிகள் எதற்கும் அதுவரை அனுமதி தரவில்லை என்று, மருத்துவக் கருவிகளுக்கு அனுமதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிஏ 2020 பிப்ரவரியில் எச்சரித்தது. 2021 ஜூனில் பிலிப்ஸ், சத்தத்தைக் குறைக்க உள்ளே வைத்த நுரை சிதைகிறது என்று லட்சக்கணக்கான மெஷின்களைத் திரும்பப் பெற்றபோதும், ஓசோன் சுத்திகரிப்பு அந்தச் சிதைவை அதிகமாக்கக்கூடும் என்று அறிவித்தது. ஓசோன் மிச்சமிருந்தால் நேராக நுரையீரலுக்குத்தானே போகும்? தினசரிச் சுத்தத்துக்குச் சோப்பும் தண்ணீரும் போதும், அந்தப் பணத்துக்கு ஒரு குஷன் வாங்கிக்கொள்ளுங்கள்.

வாங்கப் போகும்போது பழைய ஃபில்டரையும் குஷனையும் கையோடு எடுத்துப் போங்கள். எய்ம்ஸ் பக்கம் யூசுப் சராய் கடைகளில் கேட்டுப் பார்க்கலாம். ஒரே மாஸ்க்குக்குச் சின்னது, நடுத்தரம், பெரியது என்று குஷன் அளவு மாறும், பொதுவாகச் சிலிகானிலேயே அச்சிட்டிருக்கும். வேறு கம்பெனி ஃபில்டர் மலிவாகக் கிடைத்தால் அதன் ஓரம் இடைவெளியில்லாமல் உட்காருகிறதா என்று மட்டும் பாருங்கள், இடைவெளி இருந்தால் தூசி அந்த வழியாகவே உள்ளே போய்விடும். நவம்பருக்கான ஃபில்டர்களை நான் தீபாவளிக்கு முன்பே வாங்கி வைத்துவிடுகிறேன்.