முத்தம் முதல் உடலுறவு வரை: எதில் எந்த நோய் தொற்றும்?

"எச்.ஐ.வி. வந்துவிடுமா?" என்ற ஒரே கேள்வியை வைத்து எல்லா நெருக்கத்தையும் அளந்தால் கணக்கு தப்பும். ஒரு கிருமிக்குக் கதவு சாத்தியிருக்கும் இடத்தில் இன்னொன்று சாவகாசமாக நுழைந்துவிடும்.

கட்டிப்பிடிப்பது, ஒரே படுக்கையில் தூங்குவது, ஒரே கழிப்பறையைப் பயன்படுத்துவது, இவற்றால் எச்.ஐ.வி. பரவாது. தோலோடு தோல் வெகுநேரம் ஒட்டியிருந்தால் சிரங்கு தொற்றலாம், அவ்வளவுதான்.

முத்தத்திலும் எச்.ஐ.வி. பயம் வேண்டாம், எச்சில் வழியாக அது தொற்றாது. இருவர் ஈறிலும் ரத்தம் கசிகிறபோது அழுத்தமாக முத்தமிட்டால் தொற்றலாம் என்பார்கள். அது மிக மிக அரிது. முத்தத்துக்கு உரிய கிருமி ஹெர்பீஸ் முதல் வகை, உதட்டோரம் நீர்க்கொப்புளம் போடுமே, அதுதான். பலருக்கும் சின்ன வயதிலேயே வீட்டார் கொடுத்த முத்தத்தில் வந்திருக்கும். கொப்புளம் இல்லாத நாளிலும் பரவக்கூடியது. வாயில் சிபிலிஸ் என்ற பால்வினை நோயின் புண் இருந்தால் அதுவும் முத்தத்தில் தொற்றும்.

கையால் தூண்டுவது இந்த வரிசையில் அடுத்தது. கையில் வெட்டுக்காயம் இல்லாதவரை பெரிதாகக் கவலைப்பட ஒன்றுமில்லை.

வாய்வழி உறவுக்கு வருவோம். அதிகம் தப்பாகப் புரிந்துகொள்ளப்படுவது இதுதான் என்பேன். எச்.ஐ.வி.யைப் பொறுத்தவரை ஆபத்து மிகக் குறைவு, உண்மை. அந்த ஒன்றை வைத்தே இதற்குப் 'பாதுகாப்பானது' என்ற பெயர் வந்துவிட்டது. கொனோரியா என்ற பால்வினை நோய்க்கும் சிபிலிஸுக்கும் இது திறந்த வழி. தொண்டையில் குடியேறிய கொனோரியா பெரும்பாலும் வலியோ காய்ச்சலோ காட்டாது. இருப்பதே தெரியாமல் அடுத்தவருக்குப் போகும். உதட்டு ஹெர்பீஸ் பிறப்புறுப்புக்கு இறங்குவதும் இந்த வழியில்தான். முன்னதாகப் பல் தேய்த்துக்கொண்டால் நல்லது என்று சிலர் நினைக்கிறார்கள். அது ஈறில் நுண்காயம் உண்டாக்கி எதிர்வேலைதான் செய்யும்.

யோனிவழி உறவையும் ஆசனவாய் உறவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் கண்ணில் அறையும். எச்.ஐ.வி. உள்ள ஒருவரோடு ஆணுறையும் மருந்தும் இல்லாமல் 10,000 முறை உறவு நடந்தால் எத்தனை முறை தொற்றும் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஒரு மதிப்பீடு வைத்திருக்கிறது. ஆசனவாயில் ஏற்பவருக்கு சுமார் 138, செலுத்துபவருக்கு 11. யோனிவழியில் பெண்ணுக்கு 8, ஆணுக்கு 4. மலக்குடலின் உட்சுவர் மெல்லியது, தானாக ஈரம் சுரக்காது, சட்டென்று கிழியும். அதுதான் காரணம். இவை சராசரிகள்தான், இருவரில் ஒருவருக்குப் புண் இருந்தாலோ, துணைக்குத் தொற்று புதிதாக வந்திருந்தாலோ எண் ஏறிவிடும். மருந்து ஒழுங்காகச் சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டவரிடமிருந்து உடலுறவில் எச்.ஐ.வி. பரவுவதே இல்லை. ஆணுக்குச் சொன்ன அந்த 4 என்ற எண்ணைப் பார்த்து நிம்மதியடையவும் வேண்டாம். கொனோரியாவும், பாக்டீரியாவால் வரும் இன்னொரு பால்வினை நோயான கிளமிடியாவும் எச்.ஐ.வி.யைவிடப் பலமடங்கு சுலபமாகத் தொற்றுபவை.

ஆணுறை எல்லாவற்றையும் ஒரே அளவில் தடுக்காது. திரவம் வழியே வரும் எச்.ஐ.வி., கொனோரியா, கிளமிடியாவுக்கு நல்ல தடுப்பு. தோல் உரசலில் வரும் ஹெர்பீஸ், எச்.பி.வி. (மருவும் கருப்பைவாய்ப் புற்றும் உண்டாக்கும் வைரஸ்), சிபிலிஸுக்கு அது மூடாத இடம் மிச்சமிருக்கிறது. எச்.பி.வி.க்கும், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி-க்கும் தடுப்பூசி உண்டு; போட்டுக்கொள்ளாமல் இருக்க நல்ல காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. அப்புறம், தேங்காய் எண்ணெயும் வாசலினும் லேடெக்ஸ் உறையைப் பலவீனமாக்கும். நீர் அல்லது சிலிகான் அடிப்படையிலான ஜெல்தான் சரி.

உறை கிழிந்துவிட்டதா? எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. 28 நாள் தொடர வேண்டும். மறுநாளே பரிசோதனைக்கு ஓடினால் புதுத் தொற்று தெரியாது. ஆய்வகத்தில் செய்யும் நான்காம் தலைமுறைச் சோதனையே (வைரஸின் புரதத்தையும் உடலின் எதிர்ப்பொருளையும் ஒன்றாகத் தேடும் ரத்தப் பரிசோதனை) தொற்றைக் காட்ட 18 முதல் 45 நாள் வரை எடுக்கும். வாய்வழி உறவு இருந்திருந்தால் மருத்துவரிடம் அதை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். சிறுநீரைச் சோதித்தால் தொண்டை கொனோரியா அகப்படாது, தொண்டையிலிருந்து தனியாக மாதிரி எடுக்க வேண்டும்.