புளொக்கரா, வேர்ட்பிரஸா: கூகுள் தேடலில் அடி விழுவது எங்கே?

திருகோணமலையில் இருந்துகொண்டு கன்னியா வெந்நீர் ஊற்றைப் பற்றியோ நிலாவெளிக் கடலைப் பற்றியோ தனியொருவராக இணையத்தில் எழுத வருபவருக்கு நடைமுறையில் இரண்டு வழிகள். ஒன்று, கூகுள் இலவசமாகத் தரும் வலைப்பதிவுச் சேவையான புளொக்கர். மற்றது, காசு கட்டி ஹோஸ்டிங் (தளத்தை வைக்க வாடகை இடம்) எடுத்து அதில் நிறுவும் வேர்ட்பிரஸ் என்ற மென்பொருள். வேர்ட்பிரஸ் என்றாலே தேடலில் மேலே வரும் என்று சொல்லித் தளம் செய்து கொடுப்பவர்கள் உண்டு. அப்படி ஒரு விதி கிடையாது. புளொக்கர் 2003 முதல் கூகுளின் கையில் இருக்கிறது என்பதற்காக அதற்குத் தனிச் சலுகையும் கிடையாது. எதில் எந்த இடத்தில் சறுக்கும் என்பதுதான் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு.

பதிவின் முகவரி

தமிழில் தலைப்பிட்டால் புளொக்கர் அந்த எழுத்துகளை முகவரியிலிருந்து கழித்துவிடும். மிஞ்சுவது ‘புளொக்-போஸ்ட்’ என்ற வெறும் சொல்லும் ஓர் இலக்கமும்தான். வெளியிடுவதற்கு முன் வலப்பக்கத்தில் உள்ள நிரந்தர இணைப்புப் பகுதியைத் திறந்து, ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று சொற்கள் கொடுத்துவிடுங்கள். வெளியிட்டதும் அது பூட்டிக்கொள்ளும். பிறகு மாற்ற வேண்டுமானால் பதிவை வரைவு நிலைக்குக் கொண்டுவர வேண்டும். பழைய முகவரியைப் புதியதற்குத் திருப்பிவிடும் வேலையும் சேர்ந்துகொள்ளும்.

வேர்ட்பிரஸ் தமிழை ஏற்கும். ஆனால் ஒரு பதிவின் பெயருக்கு அது ஒதுக்கியிருப்பது 200 இடங்கள். தமிழின் ஒவ்வொரு குறியீடும் முகவரியில் 9 இடங்களைப் பிடிக்கும். எழுத்தும் அதன் கொம்பு, கால், விசிறியும் தனித்தனிக் குறியீடுகள் என்பதால் ‘திருகோணமலை’ என்ற ஒரு சொல்லே 10 குறியீடு, 90 இடம். மூன்றாவது சொல்லுக்குள் முகவரி வெட்டுப்பட்டுவிடும். வாட்ஸ்அப்பில் பகிர்ந்தால் விழுக்காட்டுக் குறிகள் நிறைந்த நீண்ட வால்தான் பல நேரம் தெரியும். அதைப் பார்த்துத் தயங்குபவர்கள் அதிகம். இங்கும் குறுகிய ஆங்கில எழுத்துப் பெயரே நல்லது.

இதற்காகப் பழைய பதிவுகளைக் கிளற வேண்டாம். முகவரியில் உள்ள சொற்களுக்குத் தரவரிசையில் எடை மிகக் குறைவு. திருப்பிவிடாமல் முகவரியை மாற்றினால், அந்தப் பதிவுக்குப் பிறர் கொடுத்த இணைப்புகள் எல்லாம் வீணாகிவிடும்.

தானே பூட்டிய கதவு

வேர்ட்பிரஸில் ‘வாசிப்பு’ அமைப்புகளுக்குள் தேடுபொறிகளைத் தவிர்க்கச் சொல்லும் ஒரு கட்டம் இருக்கிறது. தளம் கட்டும்போது அதில் சரி போட்டுவிட்டு எடுக்க மறந்தால், எத்தனை பதிவு போட்டாலும் கூகுளில் வராது. தரவரிசை பற்றி முறையிடுபவர் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

புளொக்கரில் நிலைமை தலைகீழ். எதையும் தொடாதவரை அது சரியாகத்தான் இருக்கும். லேபல் (பதிவுகளை வகைப்படுத்தும் குறிச்சொல்) பக்கங்களையும் தேடல் பக்கங்களையும் அது இயல்பாகவே ரோபோட்ஸ் கோப்பில், அதாவது தேடுபொறி எங்கே போகக்கூடாது என்று சொல்லும் கோப்பில், தடுத்து வைத்திருக்கும். தளம் கூகுள் தேடலில் எப்படி இருக்கிறது என்று காட்டும் கூகுளின் இலவசக் கருவியான சேர்ச் கன்சோலில் அவை ‘தடுக்கப்பட்டது’ என்று வருவது பிழையல்ல. கைபேசிக்காக முகவரியின் கடைசியில் ‘எம்=1’ ஒட்டிக்கொள்வதும் பிழையல்ல; மூலப் பக்கம் எது என்பதைப் புளொக்கரே குறிப்பிட்டுவிடுகிறது. இவற்றைக் கண்டு பதறி, யூடியூபில் யாரோ காட்டிய ரோபோட்ஸ் வரிகளைப் பிரதிபண்ணிப் போடும்போதுதான் முழுத்தளமும் மறைந்துபோகிறது.

களவும் களைகளும்

இங்கே புளொக்கர் தெளிவாக முந்துகிறது. காசு கொடுத்து வாங்க வேண்டிய ‘தீம்’ என்ற தோற்ற வடிவமைப்பை எங்கிருந்தோ சும்மா எடுத்து வேர்ட்பிரஸில் ஏற்றினால், உள்ளே புகுவோருக்கு வாசல் திறந்துவிட்டது போலத்தான். மருந்து விளம்பரமும் ஜப்பானிய மொழிப் பக்கங்களும் உங்கள் பெயரில் ஆயிரக்கணக்கில் முளைக்கும். உரிமையாளர் கண்ணுக்குத் தளம் வழக்கம்போலத் தெரிவதால் மாதக்கணக்கில் கவனிக்கப்படாது. மாதம் ஒருமுறை சேர்ச் கன்சோலின் பாதுகாப்புப் பகுதியைத் திறந்து பாருங்கள். பயன்படாத பிளகினை (வேர்ட்பிரஸில் சேர்க்கும் துணை நிரலை) முடக்கி வைத்தால் போதாது, அழித்துவிட வேண்டும்.

ஹோஸ்டிங் பணமோ டொமைன் (தளத்தின் சொந்த முகவரிப் பெயர்) பணமோ கட்டத் தவறித் தளம் நாட்கணக்கில் விழுந்து கிடந்தால், கூகுள் பக்கங்களை ஒவ்வொன்றாகக் கழற்றிவிடும். புளொக்கரில் ஹோஸ்டிங் என்ற கவலையே இல்லை. அதற்கென்று உள்ள ஆபத்து, வெளியாரின் இலவச டெம்ப்ளேட், அதாவது தயார்நிலைத் தள வடிவமைப்பு. அடிப்பகுதியில் குறியாக்கம் செய்து ஒளித்த இணைப்புகள் சிலவற்றில் இருக்கும். நீக்கினால் தளமே வேறெங்கோ தாவும். புளொக்கர் தரும் டெம்ப்ளேட்டே போதும்.

வேகம்

முதன்மை உள்ளடக்கம் 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும், தொட்டால் 200 மில்லி விநாடிக்குள் பதில் வர வேண்டும் என்பது கூகுளின் அளவுகோல். புளொக்கர் பக்கவாட்டில் சேர்க்கும் விட்ஜெட் என்ற சிறு பெட்டிகளால் சுணங்கும், வேர்ட்பிரஸ் மலிவு ஹோஸ்டிங்காலும் பக்கத்தை இழுத்துப் போட்டு வடிவமைக்கும் பேஜ் பில்டராலும் சுணங்கும். இரண்டிலும் பொதுவான பாரம், கைபேசியில் எடுத்த 5 எம்பி புறாத்தீவுப் படத்தை அப்படியே ஏற்றுவது. 1200 பிக்சல் அகலத்துக்குக் குறைத்தால் பெரும்பாலான படங்கள் 200 கேபிக்குள் அடங்கும். வேகம் சிறிய காரணிதான். நல்ல பதிவை அது மூழ்கடிக்காது.

எந்தத் தளமும் காப்பாற்றாத தவறு

நம் பகுதியில் மிகப் பெரிய சேதம் எழுத்துருவால் வருகிறது. அச்சகத்திலும் தட்டச்சு நிலையத்திலும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த கட்டுரையை ஒட்டினால், தேடுபொறிக்குத் தெரிவது பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல். கட்டாயம் யூனிகோடுக்கு, அதாவது எல்லாக் கணினியும் தமிழாகவே படிக்கும் பொதுக் குறியீட்டுக்கு, மாற்ற வேண்டும். மாற்றியதையும் ஒருமுறை வாசியுங்கள்: ‘பௌர்ணமி’யில் வரும் ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பும் ‘ள’வும் தனித்தனியாக விழுந்து ‘பெளர்ணமி’ ஆகியிருக்கும். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும், தேடலுக்கு அது வேறு சொல். கோயில் திருவிழா அறிவித்தலைப் படமாக மட்டும் போடுவதும் இதே வகை. படத்தில் உள்ளதை உரையாகவும் தட்டச்சிடுங்கள்.

இன்னொன்று ஊர்ப்பெயர். நமக்குத் திருமலை என்றால் இந்த ஊர். கூகுளுக்கு அது திருப்பதி மலை. தலைப்பில் ‘திருமலை’ என்று மட்டும் எழுதினால் வேங்கடவன் கோயிலோடு போட்டியிட நேரும். தலைப்பிலும் முதல் பத்தியிலும் ‘திருகோணமலை’ என்று முழுதாக வர வேண்டும்; உள்ளே இயல்பாகத் திருமலை என்று எழுதலாம். அதற்காக ஒரே பத்தியில் அதைப் பத்துத் தடவை திணித்தால் அதுவே குப்பை உத்தி என்று எண்ணப்படும். தேதியை மட்டும் புதிதாக்கி, உள்ளே பழைய படகு நேரத்தையும் நுழைவுக் கட்டணத்தையும் விட்டுவைப்பதும் பயன் தராது.

எதை எடுப்பது?

எழுத்து மட்டுமே உங்கள் வேலையென்றால் புளொக்கரையே எடுங்கள், ஆனால் சொந்த டொமைனோடு. வாசகர் பெரும்பாலும் இலங்கையில் என்றால் டொட் எல்கே பொருந்தும். டொரொன்டோவிலும் லண்டனிலும் உள்ளவர்களும் முக்கியம் என்றால் டொட் கொம் எடுப்பது நல்லது, ஏனெனில் நாட்டுக் குறியை அந்த நாட்டுக்கான தளம் என்பதன் அடையாளமாகவே கூகுள் கொள்கிறது. புதுப்பித்தலையும் காப்புப் பிரதியையும் மாதந்தோறும் பார்க்க ஆள் இருந்தால் வேர்ட்பிரஸ் தரும் சுதந்திரம் பெரிது.

பிறகு மாற நினைப்பவர், வேர்ட்பிரஸின் நிரந்தர இணைப்பு வடிவத்தை ஆண்டு, மாதம், பதிவின் பெயர், கடைசியில் டொட் எச்டிஎம்எல் என்று அமைத்தால் புளொக்கர் பதிவுகளின் பழைய முகவரிகள் அப்படியே பொருந்தும். தனிப்பக்கங்களும் லேபல்களும் இதில் அடங்கா. அவற்றை ஒவ்வொன்றாக 301 வழிமாற்றுப் போட்டு (முகவரி நிரந்தரமாக மாறிவிட்டது என்று சொல்லும் குறி) திருப்ப வேண்டும்.