லண்டன் ஆம்புலன்ஸ் அறையும் மூன்று வரைபடங்களும்

1992 அக்டோபர் 26 அன்று லண்டன் ஆம்புலன்ஸ் சேவை தன் கட்டுப்பாட்டு அறையைக் கணினியிடம் ஒப்படைத்தது. மறுநாள் பிற்பகலிலேயே பாதி பழைய முறைக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. அதுவரை, அழைப்பை எடுப்பவர் விவரத்தைத் தாளில் எழுதி நகரும் பட்டையில் வைப்பார். மறுமுனையில் இருப்பவர் படித்துப் பார்த்து எந்தப் பகுதிக்கு உரியது என்று பிரிப்பார். புதிய மென்பொருளுக்கோ ஒவ்வொரு வண்டியும் எங்கே, எந்த நிலையில் இருக்கிறது என்பது பிசகில்லாமல் தெரிந்தாக வேண்டும். வண்டியில் இருந்த ஊழியர்களோ தங்கள் நிலையைத் தெரிவிக்கும் பொத்தான்களை வரிசை தவறி அழுத்தினார்கள்; சில நேரம் குறித்த வண்டியை விட்டு வேறொன்றில் புறப்பட்டார்கள். கணினி தன் கணக்கில் இருந்த லண்டனுக்கு வண்டி அனுப்பிக்கொண்டிருந்தது.

வேலை நடக்கும் விதத்தை வரைந்து காட்டும் முறைகளுக்கு இதைவிடக் கறாரான பரீட்சை எனக்குத் தோன்றவில்லை. நான் எடுத்துக்கொண்ட மூன்றும் அதற்குப் பின்னால் பிறந்தவை. ஆகவே இது கற்பனைப் பரீட்சைதான்.

பிபிஎம்என் (BPMN), அதாவது ஒரு வேலையின் படிகளைக் கட்டங்களாலும் கோடுகளாலும் வரையும் குறியீட்டு முறை, 2004இல் வந்தது. 2013இல் சர்வதேச ஐஎஸ்ஓ தரமாகவும் ஆனது. பிரிவுக்கு ஒரு பாதை, அதில் வரிசையாகக் கட்டங்கள். தாளின் பயணத்தை அது அழகாக வரைந்துவிடும். வண்டி மாற்றும் வழக்கம் மட்டும் ஓரத்தில் ஒரு விதிவிலக்காக நிற்கும், அல்லது காணாமலே போகும். மேலாளர் சொன்னதைத்தானே வரைகிறோம்!

டொராண்டோ பல்கலைக்கழகத்தில் எரிக் யூ 1995இல் முனைவர் பட்ட ஆய்வாக அளித்த ஐ-ஸ்டார் (i*) என்ற வரைபட முறை வேறு இடத்தில் தொடங்குகிறது: யார் எதற்கு யாரை நம்பியிருக்கிறார்? வண்டியின் நிலையை அறியக் கட்டுப்பாட்டு அறை, வண்டியில் இருக்கும் ஊழியரை நம்பியிருக்கிறது. பொத்தானை அழுத்துவதால் ஊழியருக்கு என்ன கிடைக்கிறது? அந்தப் பக்கம் அம்புக்குறியே இல்லையென்றால், அவர் அழுத்தாத நாளில் அறை என்ன ஆகும் என்ற கேள்வி காகிதத்திலேயே எழுந்துவிடும். ‘சீக்கிரம் போய்ச் சேர வேண்டும்’ என்பதுபோல அளந்து சொல்ல முடியாத விருப்பங்களுக்கும் மேக வடிவில் ஓர் இடம் உண்டு. மற்ற இரண்டிலும் ‘ஏன்’ என்பதற்கு இப்படித் தனிக் குறியீடு கிடையாது. ஆனால் மேகம், அறுகோணம், நீள்வட்டம் என்று படம் சீக்கிரமே சிக்கலாகிவிடும். நான் வரைந்த ஒன்றைப் பார்த்த பண்டகசாலைக் கண்காணிப்பாளர், “இது என்ன, மார்கழிக் கோலமா?” என்று கேட்டார். வேலை செய்பவரைப் பற்றிய படத்தை அவரே படிக்க முடியாதென்றால் பாதிப் பயன் போயிற்று.

ஆல்பெர்ட்டோ பிராண்டோலினி 2013இல் அறிமுகப்படுத்திய ஈவன்ட் ஸ்டார்மிங், வேலையோடு தொடர்புள்ளவர்கள் ஒன்றுகூடி நிகழ்வுகளை வரிசையாக ஒட்டிப் பார்க்கும் முறை. அதற்குச் சுவர், நீளமான காகிதச் சுருள், ஒட்டுத்தாள்கள் போதும். நடந்து முடிந்த நிகழ்வுக்கு ஆரஞ்சு, சிக்கலுக்கு இளஞ்சிவப்பு. ‘வேறு வண்டி எடுக்கப்பட்டது’ என்ற ஆரஞ்சுத் தாளை ஓட்டுநர் ஒருவர் முதல் அரைமணியிலேயே ஒட்டியிருப்பார். ஆனால் அவரை அந்தக் கூட்டத்துக்கு அழைத்திருக்க வேண்டும். அவருடைய மேலதிகாரி வாய்மூடி இருந்திருக்கவும் வேண்டும். இரண்டாவது நிபந்தனைதான் கடினம்.

என் வரிசை இதுதான்: முதல் நாள் சுவர். அதில் எஞ்சும் இளஞ்சிவப்புத் தாள்களுக்கு மட்டும் ஐ-ஸ்டார், அதுவும் வடிவமைப்புக் குழுவின் மேசையோடு நிற்கட்டும். அழைப்பைப் பதிவு செய்வது போன்ற, யாரும் சர்ச்சை செய்யாத பகுதிக்குப் பிபிஎம்என். வண்டி ஒதுக்கீட்டை அதில் வரைய நான் அவசரப்பட மாட்டேன்.