நாவல் பைத்தியங்களுக்கு ஒரு சிறுகதைத் தொகுப்பு

எனக்கு நாவல்தான். ஒரு குடும்பத்துக்குள் நுழைந்தால் நானூறு பக்கமாவது அங்கேயே கிடக்க வேண்டும், பாதியில் எழுப்பி அனுப்பினால் பிடிக்காது. அதனால் சிறுகதைத் தொகுப்புகளைப் பெரும்பாலும் நடுவிலேயே வைத்துவிடுவேன். காலச்சுவடு போட்டிருக்கும் அசோகமித்திரன் சிறுகதைகளின் முழுத் தொகுப்பை மட்டும் அப்படி வைக்க முடியவில்லை.

'புலிக்கலைஞன்' ஒன்றே போதும். சினிமா ஸ்டுடியோ ஆபீசுக்கு வேலை கேட்டு காதர் என்று ஒருவர் வருகிறார், புலி வேஷக்காரர். அங்கே ஏதும் வேலை இல்லை. அந்த அறையிலேயே புலியாக மாறி உறுமிப் பாய்கிறார், பார்க்கிறவர்கள் மிரண்டுபோகிறார்கள், கொஞ்ச நேரத்தில் அதே மனிதர் அங்கிருந்தவர் காலில் விழுந்து அழுகிறார். நாவலாக இருந்தால் அவர் வீடு, கடன், பசி எல்லாம் விரிவாக வந்திருக்கும். இங்கே அதற்கெல்லாம் ஓரிரு வரிதான், ஆனால் பிறகு அவருக்குப் போட்ட கடிதம் ஆள் இல்லை என்று திரும்பி வருகிறது பாருங்கள், அந்த இடத்தில் எழுதாமல் விட்ட வாழ்க்கை முழுவதும் நம் தலையில் வந்து இறங்குகிறது. 1952-ல் சென்னைக்கு வந்து ஜெமினி ஸ்டுடியோவில் வேலை பார்த்தவர் அசோகமித்திரன். அந்த உலகத்தையே 'கரைந்த நிழல்கள்' நாவலிலும் எழுதியிருக்கிறார், இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் நாவலுக்குச் சமமாக இந்தச் சில பக்கங்கள் நிற்பது தெரியும்.

'எலி' கதையில் பொறியில் வைக்க ஒரு வடை வாங்கப் போகிறான் கணேசன். விஷயம் அவ்வளவுதான், முடிவைச் சொல்ல மாட்டேன், எனக்கு அன்று சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை. 'பிரயாணம்' வேறு மாதிரி: மலைப்பாதை, சாகக் கிடக்கும் குரு, அவரை இழுத்துக்கொண்டு போகும் சீடன், ஓநாய்கள். கடைசி வரியைப் படித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தேன்.

எல்லாமே இந்தத் தரம் என்று சொல்ல மாட்டேன். சில கதைகள் ஞாபகக் குறிப்பு மாதிரி சட்டென்று நின்றுவிடுகின்றன. மொத்தமாகப் படித்தால் அந்த அடங்கிய குரல் பழகி மழுங்கிவிடும், அதனால் ஒரு ராத்திரிக்கு ஒரு கதை போதும். புத்தகமும் கனம், மின்சார ரயிலில் நின்றுகொண்டு படிக்கச் சரிப்படாது.

1996-ல் அவருக்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்ததும் 'அப்பாவின் சிநேகிதர்' என்ற சிறுகதைத் தொகுப்புக்குத்தான், 'தண்ணீர்' மாதிரி நாவல் எழுதியவருக்கு! வாங்கத் தயக்கமாக இருந்தால் கன்னிமாரா நூலகத்தில் தேடிப் பார்த்து, மேலே சொன்ன மூன்றை மட்டும் முதலில் படியுங்கள்.