முதுகுவலிக்கு ஹேண்டில் பார் மாற்றித் தருகிறோம் என்பவர்களிடம் ஜாக்கிரதை

நெல்லையில் பைக் ஹேண்டில் பார் மாற்ற நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

எனக்கு வீடு அம்பாசமுத்திரம், வேலை பாளையங்கோட்டை. தினமும் சேரன்மகாதேவி வழியாக பைக்கில்தான் போய்வருகிறேன். வண்டியில் இருந்த பார் தாழ்வானது. குனிந்தே ஓட்டி, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் சுருக்சுருக்கென்று வலி. ஆக்சஸரீஸ் கடை ஒன்றில் சொன்னபோது, "உயரமான பார் மாட்டிருவோம் அண்ணாச்சி, வலி பறந்துரும்" என்றார்கள். கேபிள், பிரேக் ஆயில் போகும் ஹோஸ் எல்லாம் எட்டுமா என்று கேட்டேன். "அதெல்லாம் தாராளமா எட்டும்" என்றார்கள். கூலியோடு 3,200 ரூபாய். பில் கேட்டால், "போன்லதான அனுப்புதீய, அதுவே பில்லுதான்" என்று பதில்.

மாட்டிய அன்றே வண்ணாரப்பேட்டையில் யூ-டர்ன் எடுக்க ஹேண்டிலை முழுதாகத் திருப்பினேன். கையே முறுக்காமல் எஞ்சின் வீரென்று ஏறியது. பார் உயரமானதால் ஆக்சிலேட்டர் கேபிள் விறைத்து, திருப்பும்போது தானாக இழுபட்டிருக்கிறது. பக்கத்தில் பேருந்து. கிளட்ச்சைப் பிடித்து எப்படியோ ஓரங்கட்டினேன். குனிந்து பார்த்தால், முன் பிரேக் ஹோஸும் கம்பி மாதிரி நீட்டி நின்றது. அது பிடுங்கிக்கொண்டாலோ கிழிந்தாலோ முன் பிரேக்கே கிடையாது.

இதைவிட மோசமானதை ஊரில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் கண்டுபிடித்தார். வலதுபக்க சுவிட்ச் பெட்டியைப் பிரித்துக் காட்டினார். அதன் உள்பக்கம் சின்னதாக ஒரு முளை இருக்கும். பாரில் உள்ள துளைக்குள் அது உட்கார்ந்தால்தான் பெட்டி சுற்றாமல் நிற்கும். கடைக்காரர் மாட்டிய பாரில் துளையே இல்லை. துளை போடச் சோம்பல்பட்டு, முளையை அரத்தால் ராவித் தரைமட்டமாக்கியிருந்தார்கள். ராவிய இடம் மட்டும் புது வெள்ளையாகப் பளபளத்தது. ஸ்க்ரூ கொஞ்சம் தளர்ந்தால் ஆக்சிலேட்டரோடு சேர்ந்து பெட்டியே சுழலும்.

திரும்பப் போய்க் கேட்டேன். "எல்லா வண்டிக்கும் இப்படித்தான் பண்ணுதோம், ஒருத்தரும் குறை சொன்னதில்ல" என்றார்கள். என் பழைய பாரைக் கேட்டால், பழைய இரும்புக்குப் போட்டாச்சாம். எல்லா வண்டிக்கும் இப்படி என்றால் எத்தனை பிள்ளைகள் இந்த நிலையில் ரோட்டில் போய்க்கொண்டிருக்கிறார்கள்? அதை நினைத்துத்தான் எழுதுகிறேன்.

சரி, வலியாவது போனதா? இல்லை, இடம் மாறியது. பார் அளவுக்கு மேல் உயர்ந்தால் தோள் தூக்கியே நிற்கும், கழுத்துச் சதை இறுகிவிடும். நிமிர்ந்து உட்கார்வதால் சேரன்மகாதேவி வயல்வெளிக் காற்று முழுக்க நெஞ்சில் அறைகிறது. அதைத் தாங்க இன்னும் இறுக்கிப் பிடிக்கிறோம். தோள் தளர்ந்து, முழங்கை லேசாக மடங்கியிருக்கிற உயரமே போதும். அம்பாசமுத்திரம் மெக்கானிக் கம்பெனி பாரையே மாட்டி, கிளாம்ப்பைத் தளர்த்திக் கொஞ்சம் என் பக்கமாகச் சுழற்றி வைத்தார். லீவரையும் மணிக்கட்டு மடங்காதபடி இறக்கினார். வலி பெருமளவு குறைந்துவிட்டது.

பார் மாற்றியே ஆகவேண்டும் என்றால், வண்டியை எடுப்பதற்கு முன் கடை வாசலிலேயே எஞ்சினை ஓடவிட்டு, ஹேண்டிலை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பாருங்கள். எஞ்சின் சத்தம் ஏறவே கூடாது, ஹோஸ் தொய்வாக இருக்கவேண்டும். சுவிட்ச் பெட்டியைக் கையால் திருகிப் பாருங்கள், அசையக்கூடாது. பழைய பாரைக் கையோடு வாங்கிவிடுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவையும் மனதில் வையுங்கள்; அனுமதியில்லாத மாற்றத்துக்கு அபராதம் கட்டப்போவது கடைக்காரர் இல்லை, வண்டிக்குச் சொந்தக்காரர்தான்.

நான் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு எழுதிவிட்டேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, 2 வருடத்துக்குள் போடலாம். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-லும் புகார் சொல்லலாம். முளை மட்டும் தனியாகக் கிடைக்காது என்பதால் சுவிட்ச் பெட்டியையே புதிதாக வாங்கவேண்டியதாயிற்று. அந்த ரசீதையும் ராவிய பெட்டியின் போட்டோவையும் மனுவோடு இணைத்திருக்கிறேன்.