10 ஹெச்.பி. மோட்டாருக்கு 10 ஹெச்.பி. டிரைவ் என்று விற்றால் உஷார்

போர்வெல்லுக்கு வி.எஃப்.டி. டிரைவ், அதாவது மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி, வாங்கப் போகிறீர்களா? கடைக்காரர் ஹெச்.பி. பேசினால் நீங்கள் ஆம்பியர் பேசுங்கள். பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தோப்பில் 10 ஹெச்.பி. சப்மெர்சிபிளுக்கு மாட்டிய டிரைவ் ஒரு கோடைகூடத் தாங்கவில்லை. மோட்டாரும் சேர்ந்தே போனது. வாரன்ட்டி கேட்டால், "கேபிள் நீளம் ஜாஸ்திங்க, அதுக்கு நாங்க பொறுப்பில்லை" என்றார்கள். 900 அடி போர் என்று தெரிந்துதான் விற்றார்கள்.

பில்லில் 7.5 கிலோவாட் என்றிருந்தது. டிரைவின் பக்கவாட்டு லேபிளிலோ 5.5ஜி/7.5பி, 13/17 ஆம்பியர். ஜி என்பது கனமான சுமைக்கு. ஒரு நிமிடம் 150 சதவீதம் தாங்கும். பி, ஃபேனுக்கும் பம்புக்கும். ஓவர்லோடுக்கு அதிகம் இடம் கிடையாது. பம்புதானே, பி போதும் என்பது தரைமேல் மோட்டாருக்குச் சரி. அதே ஹெச்.பி.யில் சப்மெர்சிபிள் கூடுதலாக இழுக்கும். இந்த மோட்டாரின் நேம்பிளேட்டிலேயே 18 ஆம்பியர்.

அந்த 17-ம் முழுசாக வராது. அது 40 டிகிரிக்கான கணக்கு; அதற்கு மேல் டிகிரிக்கு ஏறக்குறைய ஒரு சதவீதம் குறையும். தகரக் கூரை மோட்டார் ரூம், அதற்குள் காற்றுப் புகாத இரும்புப் பெட்டி, உள்ளே 200 வாட்டுக்கு மேல் சூட்டைக் கக்கும் டிரைவ். பெட்டிக்குள் 50 டிகிரி என்றால் மிச்சம் 15.3 ஆம்பியர்தான். கொடுத்திருக்க வேண்டியது 11ஜி, 25 ஆம்பியர். 50 டிகிரியிலும் 22.5 நிற்கும். பெட்டியின் அடியில் ஃபில்டர் வைத்த காற்றுவழி, மேலே ஃபேன், டிரைவுக்கு மேலும் கீழும் 10 சென்டிமீட்டராவது இடைவெளி வேண்டும்.

மோட்டாரைக் கொன்றது வேறு. 415 வோல்ட் டிரைவுக்குள் சுமார் 587 வோல்ட் டி.சி. ஆகிறது. அதைத் துண்டு துண்டாக வெட்டி அனுப்பும்போது, நீளமான கேபிளின் மறுமுனையில் எதிரொலித்து, கிட்டத்தட்ட இரண்டு மடங்காக, 1,100 வோல்ட்டுக்கு மேல் வைண்டிங்கில் இறங்கும். பிரித்துப் பார்த்ததில் மூன்று ஃபேஸும் ஒரே சீராகக் கருகியிருக்கவில்லை. ஓவர்லோடு என்றால்தான் மூன்றும் சீராகக் கருகும். ஒரே ஃபேஸில், கேபிள் சேரும் முதல் காயிலில் மட்டும் பொத்தல். 280 மீட்டர் கேபிளுக்கு டிரைவின் அவுட்புட்டில் சைன் ஃபில்டர் கட்டாயம்; வெட்டுப்பட்டு வரும் வோல்ட்டை அது சீரான அலையாக்கும். கேரியர் ஃப்ரீக்வென்சியும் (டிரைவ் விநாடிக்கு எத்தனை முறை வெட்டுகிறது என்பது) அந்த ஃபில்டருக்குச் சொன்ன அளவுக்குக் கீழே இறங்கக் கூடாது. "சோக் போட்டிருக்கோமே" என்பார்கள். அவர்கள் சொல்வது இன்புட் சோக்; டிரைவுக்கு முன்னால் போடும் காயில். லைனில் வரும் வோல்டேஜ் அடியிலிருந்து டிரைவைக் காக்கத்தான் அது. அதுவும் வேண்டும், ஆனால் மோட்டாருக்கு அதனால் பயனில்லை.

பழைய ஸ்டார்ட்டர் பேனலை அப்படியே விட்டு, டிரைவ் அவுட்புட்டை அதன் வழியாக மோட்டாருக்குக் கொண்டுபோகிற வேலையும் நடக்கிறது. பேனலில் கெப்பாசிட்டர் இருந்தால், டிரைவுக்குள் மின்சாரத்தை வெட்டும் சுவிட்சான ஐ.ஜி.பி.டி. வெடிக்கும். அவுட்புட்டிலிருந்து மோட்டார் வரை இடையில் சைன் ஃபில்டரைத் தவிர வேறெதுவும் வேண்டாம்.

செட்டிங்கில் குறைந்தபட்சம் 30 ஹெர்ட்ஸ்; ஸ்டார்ட் ஆனதும் ஒரு விநாடிக்குள் அதைத் தொட வேண்டும், இல்லையென்றால் பம்பு கீழே அழுத்தும் பாரத்தைத் தாங்கும் த்ரஸ்ட் பேரிங் தேயும். லைனில் 340 வோல்ட்தான் வருகிறதென்றால் டிரைவ் அதைக் கூட்டித் தராது. 50 ஹெர்ட்ஸில் ஓட்டி ஆம்பியர் ஏறுவதைவிட 42 ஹெர்ட்ஸுக்கு இறக்குங்கள்.

கொட்டேஷனிலேயே ஜி ஆம்பியர், கேபிள் மீட்டர், ஃபில்டர் மாடல், பெட்டிக்குள் எத்தனை டிகிரிக்குக் கணக்குப் போட்டார்கள் என்பதை எழுதி சீல் போட்டுத் தரச் சொல்லுங்கள். தயங்கினால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.